முதுகுத்தண்டு அறுவை: கைக்காசு எங்கே போகிறது?

தோட்டப்புறப் பட்டணங்களில் இடுப்பு வலி யாருக்கும் செய்தி அல்ல. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு ரப்பர் பால்வாளிகளைத் தொங்கவிட்டு நிறுவைக் கொட்டகைக்கு நடந்த தலைமுறையின் தோளும் இடுப்பும் ஆறுவதற்குள் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. பத்து கிலோவிலிருந்து இருபத்தைந்து கிலோ வரை கனக்கும் குலையை அறுத்து, இழுத்து, வண்டியில் ஏற்றும் வேலை அது. தோட்டங்கள் கைமாறி, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் பட்டணத்துத் தாமான் என்ற குடியிருப்புகளுக்குக் குடிவந்த பிறகு பிள்ளைகள் லாரியிலும் தொழிற்சாலையிலும் துப்புரவுக் குத்தகையிலும் சேர்ந்தார்கள். வேலையின் பெயர்தான் மாறியது. குனிவதும் தூக்குவதும் அப்படியே இருக்கின்றன.

அந்த இடுப்புக்கு அறுவை தேவை என்று டாக்டர் சொல்லும் நாளில் வீட்டில் முதலில் எழுவது பணத்தைப் பற்றிய கேள்விதான். ஆளுக்கொரு பதில் உடனே கிடைக்கும். அரசாங்க மருத்துவமனையில் எல்லாம் இலவசம் என்பார் ஒருவர். அங்கே போனால் வருடக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும், நகையை வைத்தாவது தனியாரிடம் போங்கள் என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. என் கணிப்பில், நோயாளியின் கைக்காசு அறுவைக்கூடத்தில் கரைவதைவிட அதற்கு முந்தைய வாரங்களில்தான் அதிகம் கரைகிறது. எந்தக் கடிதத்தோடு எந்த மருத்துவமனைக்குப் போனோம், முதல் நாள் கிளினிக் கார்டில் என்ன பதிவானது, பணம் கட்டுவதற்கு முன் யாரைப் பார்த்தோம் என்ற மூன்றும் சேர்ந்து பில்லின் அளவைத் தீர்மானிக்கின்றன.

கட்டில் மலிவு, திருகாணி மலிவல்ல

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு நிபுணரிடம் போனால் 5 ரிங்கிட்டுக்கு மேல் போகாது; தனியார் கிளினிக்கின் கடிதத்தோடு போனால் முதல் வருகைக்கு 30 ரிங்கிட். மூன்றாம் வகுப்பு வார்டில் கட்டிலுக்கு நாளொன்றுக்கு 3 ரிங்கிட். மூன்றாம் வகுப்பு நோயாளியின் மொத்தக் கட்டணத்துக்கு 500 ரிங்கிட் என்ற உச்சவரம்பும் இருக்கிறது. சுங்கை சிப்புட் மருத்துவமனையிலிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்பப்படும் ஒரு குடும்பம் இந்த எண்களை நம்பித்தான் புறப்படுகிறது. எண்களில் தவறில்லை. ஆனால் மருத்துவமனை வசூலிக்கும் கட்டணமும், உடம்புக்குள் வைக்கும் சாமானின் விலையும் இங்கே வேறு வேறு கணக்கு.

முதுகுத்தண்டு அறுவையில் பொதுவாக இரண்டு வகை. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கினால், அந்தத் துண்டை நரம்பின் மேலிருந்து அகற்றுவது ஒன்று. நரம்புக்கு இடம்விட எலும்பைச் சிறிது செதுக்குவதும் இதோடு சேரும். இதில் உள்ளே எதையும் விட்டுவருவதில்லை. இன்னொன்று, ஆட்டம் கண்ட முள்ளெலும்புகளைத் திருகாணி, கம்பி வைத்து ஒன்றாக இணைப்பது. பக்கத்துப் பக்கத்து இரண்டு முள்ளெலும்புகளை இணைக்க வழக்கமாக நான்கு திருகாணிகளும் இரண்டு கம்பிகளும் வேண்டும். டிஸ்கை எடுத்துவிட்ட இடத்தில் சிறு கூடு ஒன்றும் வைப்பார்கள். இன்னொரு முள்ளெலும்பைச் சேர்த்தால் மேலும் இரண்டு திருகாணிகள். இந்த உலோகத்தைத்தான் பல நோயாளிகள் வெளியே வாங்கித் தர வேண்டியிருக்கிறது. விற்பனையாளரின் விலைப்பட்டியல் கைக்கு வரும்போதுதான் "இலவசம்" என்று சொன்ன உறவினர் வாயடைத்துப் போகிறார்.

ஆகவே நிபுணரிடம் கேட்க வேண்டிய முதல் பணக் கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பது அல்ல. உள்ளே இரும்பு வைக்கப்போகிறீர்களா, எத்தனை முள்ளெலும்புகளுக்கு, வைக்காமல் செய்ய வழியிருக்கிறதா என்று கேளுங்கள். நம் ஆட்கள் டாக்டரிடம் இப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். விளக்கிச் சொல்லும் டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

விலைப்பட்டியல் வந்தவுடன் போக வேண்டிய இடம் அடகுக் கடை அல்ல. அதே மருத்துவமனையில் இருக்கும் மருத்துவ சமூகப் பணிப் பிரிவுக்குப் போக வேண்டும். பெரிய அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இந்தப் பிரிவு உண்டு. வார்டு டாக்டர் எழுதிக் கொடுத்தால் அங்கிருக்கும் அதிகாரி குடும்ப வருமானம், வீட்டு வாடகை, கடன், பிள்ளைகள் எல்லாவற்றையும் விசாரித்து, சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பத்தைத் தயார் செய்வார். அந்த நிதி மலேசியக் குடிமக்களுக்கானது. குடியுரிமை இன்றி, நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்த தோட்டத்துப் பாட்டிகளும் தாத்தாக்களும் இங்கேதான் தடுக்கப்படுகிறார்கள். ஆயுள் முழுக்க இந்த மண்ணில் மரம் சீவியவர்களுக்கு இது நேர்வது சின்ன அநியாயமல்ல.

ரொக்க உதவித் திட்டமான எஸ்.டி.ஆர். பெறுபவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும், நாற்பது வயதைத் தாண்டியிருந்தால், 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் இருக்கிறது. இலவச உடல் பரிசோதனை கிடைக்கும் என்ற அளவில்தான் பலர் அதை அறிந்திருக்கிறார்கள். மருத்துவக் கருவிகளுக்கு 20,000 ரிங்கிட் வரை உதவும் பகுதியும் அதற்குள் இருக்கிறது. விண்ணப்பம் சுகாதார அமைச்சின் மருத்துவமனை வழியாகத்தான் போகும். நம்மிடம் அதிகம் பேசப்படாத இன்னொரு வழியும் உண்டு. பிள்ளைகளில் ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவோ வேறு அரசாங்க ஊழியராகவோ இருந்தால், அரசு மருத்துவமனைக் கட்டணத்தில் பெற்றோருக்கும் சலுகை இருக்கிறது. அதற்கான கடிதத்தைப் பிள்ளையின் துறைத் தலைவர் கொடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்றுதான், அது கடுமையானதும்கூட. ஒப்புதல் அறுவைக்கு முன் வர வேண்டும். உறவினரிடம் கைமாற்று வாங்கித் திருகாணிக்குப் பணம் கட்டிவிட்டு, பிறகு ரசீதோடு போய் நின்றால் மருத்துவ உதவி நிதியிலிருந்து திரும்பக் கிடைக்காது. அவசர அறுவை இல்லையென்றால் ஒப்புதலுக்காகத் தேதியைச் சில வாரங்கள் தள்ளிப்போடச் சொல்லி டாக்டரிடமே கேட்கலாம்.

அறுவை வேண்டுமா என்பதும் பணக் கேள்விதான்

வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் தேய்ந்த டிஸ்க் தெரியும். வயது ஏற ஏறப் பெரும்பாலோரின் படம் அப்படித்தான் இருக்கும். ஆகவே படத்தில் தெரிவது மட்டும் அறுவைக்குக் காரணமாகிவிடாது. காலுக்கு இறங்கும் நரம்பு வலியில் பலருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்களில் தானாகவே குறைகிறது. நெதர்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் தணிந்தது. காத்திருந்து சிகிச்சை பெற்ற பிரிவில் பத்துக்கு நால்வர் அளவில் பின்னர் அறுவைக்குப் போனார்கள். ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் குணமானதாகச் சொன்னார்கள். கால் வலி இல்லாமல் இடுப்பு மட்டும் வலிப்பவர்களுக்கு முள்ளெலும்புகளை இணைப்பதைப் பற்றி நார்வேயிலும் பிரிட்டனிலும் நடந்த ஆய்வுகள், முறையான தீவிரப் பயிற்சிச் சிகிச்சைக்கும் அறுவைக்கும் பெரிய வேறுபாடு காணவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சிறுநீர் நின்றுபோனாலோ கட்டுப்பாடின்றி வந்தாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, கால் பாதம் தொங்கினாலோ அன்றைக்கே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அப்போது பெயர்ப்பட்டியல், வரிசை என்ற பேச்சே இல்லை. அந்த நேரத்தில் தனியாரிடம் முன்பணத்துக்கு அலைந்து ஓர் இரவை வீணாக்குவதுதான் எல்லாவற்றையும்விட விலை அதிகமான தவறு.

அவசரமில்லாதவர்களுக்கு இடைவழி ஒன்றும் உண்டு. அரசு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ.க்குக் கிடைத்த தேதி மிகத் தள்ளியிருந்தால், ஸ்கேனை மட்டும் தனியாரில் எடுத்து, படங்கள் பதிந்த சிடியையும் அறிக்கையையும் வாங்கி அரசு நிபுணரிடம் காட்டலாம். தனியாரில் ஸ்கேன் எடுத்ததனாலேயே அறுவையும் அங்கேதான் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

தனியார் பில்லும் காப்புறுதி அட்டையும்

தனியார் மருத்துவமனையில் திருகாணி வைக்கும் அறுவை ஐந்து இலக்கத் தொகை. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். அதன்படி ஓராண்டு முழுச் சம்பளமும் 20,400 தான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

டாக்டர் கொள்ளையடிக்கிறார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் டாக்டரின் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. அறுவை நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் அதற்குள்தான் வாங்க வேண்டும். வரம்பில்லாதது மருத்துவமனையின் பகுதி: அறை, அறுவைக்கூடம், மருந்து, கையுறையிலிருந்து திருகாணி வரையிலான சாமான்கள். பில்லைப் பார்ப்பவர்கள் அந்தப் பக்கங்களைத்தான் வரிவரியாகப் பார்க்க வேண்டும். சேர்வதற்கு முன்பே மதிப்பீட்டைக் கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை உண்டு. மதிப்பீட்டில் உலோகச் சாமானுக்குத் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் கேளுங்கள்.

காப்புறுதி அட்டை இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் சில வரிகள். முதலில், கையில் இருப்பது உண்மையிலேயே மருத்துவ அட்டைதானா? தோட்டப்புறங்களில் முகவர்கள் அதிகம் விற்றவை விபத்துப் பாலிசிகளும், மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று தருபவையும். இரண்டும் அறுவைப் பில்லைக் கட்டாது. மருத்துவ அட்டைதான் என்றாலும், பாலிசி தொடங்கி முதல் 120 நாளுக்குள் வரும் குறிப்பிட்ட சில நோய்களுக்குக் காப்பு இல்லை. அந்தப் பட்டியலில் டிஸ்க் உள்ளிட்ட முதுகுத்தண்டுக் கோளாறுகள் பெயர் சொல்லியே இருக்கின்றன. இரண்டு மாதம் பணம் கட்டத் தவறிக் காலாவதியான பாலிசியை மறுபடி உயிர்ப்பித்தால் காத்திருப்புக் காலமும் மறுபடி தொடங்கக்கூடும். காப்புறுதிக் கட்டணம் ஏறியதால் அட்டையைக் கைவிட நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். அந்த ஏற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பச் சொல்லி மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2024 டிசம்பரில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. கைவிடுவதற்கு முன், பில்லில் ஒரு பங்கை நாமே ஏற்கும் மலிவான திட்டத்துக்கு மாற முடியுமா என்று கேட்பது நல்லது. அப்படிப்பட்ட திட்டங்களையும் நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2024 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது.

சேரும்போது காப்புறுதி நிறுவனம் அனுப்பும் உத்தரவாதக் கடிதம் முழுப் பில்லுக்குமான வாக்குறுதி அல்ல. வீடு திரும்பும் நாளில் வரும் இறுதிக் கடிதம்தான் கணக்கு. மறுக்கப்பட்டால், நிறுவனத்தின் இறுதி முடிவு எழுத்தில் வந்த ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவையிடம் முறையிடலாம். 2025 ஜனவரியில் இந்தப் பெயரில் செயல்படத் தொடங்கிய அந்த அமைப்பு 250,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளைக் கட்டணமின்றி விசாரிக்கிறது.

முதல் நாள் சொன்ன சொல்

"எத்தனை நாளாக வலி, அங்கிள்?" என்று கிளினிக்கில் கேட்பார்கள். "அது ரொம்பக் காலமாகவே இருக்கிறது டாக்டர்" என்பது நம்மவர்களின் வழக்கமான பதில். வேலையில் வழுக்கி விழுந்ததையோ, மூட்டையைத் தூக்கும்போது இடுப்பில் சுளீரென்று இறங்கியதையோ சொல்ல மாட்டார்கள். சொன்னால் மேலாளருக்குக் கோபம் வரும், குத்தகைக்காரர் அடுத்த மாதம் கூப்பிட மாட்டார் என்ற பயம். அந்த ஒரு வரி கார்டில் ஏறிவிடுகிறது. பின்னால் காப்புறுதி நிறுவனம் அதைப் பார்த்து, பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்கிறது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் அதிகாரி அதைப் பார்த்து, இதில் விபத்து எங்கே என்கிறார்.

யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. பழைய வலி இருந்தால் இருந்தது என்றே சொல்லுங்கள். அதோடு, எந்தத் தேதியில், எந்த இடத்தில், எதைத் தூக்கும்போது அது மாறியது, கால் எப்போது மரத்தது, அருகில் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்லி, எழுதச் சொல்லுங்கள். 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி வேலையில் நேர்ந்த காயமென்று ஏற்கப்பட்டால் அரசு மருத்துவமனைச் சிகிச்சைச் செலவைச் சொக்சோ ஏற்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில் விழுந்ததும் இதில் சேரும். விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது முதலாளியின் கடமை. அவர் சந்தா கட்டவில்லை என்பதைத் தொழிலாளி தன் குற்றமாக எண்ணி ஒதுங்க வேண்டியதில்லை. சொக்சோ அலுவலகத்துக்கு நேரே போய்ச் சொல்லலாம். ஒரே நாளில் நேராமல் பல ஆண்டுகளாகக் கனம் தூக்கியும் அதிரும் இயந்திரத்தில் அமர்ந்தும் வந்த கோளாறைத் தொழில்சார் நோயாகக் கோரவும் வழி இருக்கிறது. அதற்கு வேலையின் தன்மையை நிறுவ வேண்டும், சான்றுகள் அதிகம் கேட்பார்கள்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் சம்பளம். திருகாணி வைத்த இடுப்போடு கனமான வேலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும். வேலைவாய்ப்புச் சட்டம் தரும் நோய் விடுப்பு, பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14 முதல் 22 நாள். மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் தேவைக்கு 60 நாள். நாட்கூலிக்காரர்களுக்கு அதுவும் நடைமுறையில் கிடைப்பது அரிது. வேலைக் காயம் என்று ஏற்கப்பட்டால் மருத்துவ விடுப்பு நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு வருகிறது, விடுப்பு குறைந்தது நான்கு நாளாவது இருந்தால். அரிசி வாங்கும் பணம் இது. பல வீடுகளில் கடன் ஏறுவது பில்லினால் அல்ல, இந்த மாதங்களினால்தான்.

கடனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் போகாதீர்கள். நகை வைக்கத்தான் வேண்டுமென்றால் அர்-ரஹ்னு என்ற இஸ்லாமிய அடகுக் கடைகளில் செலவு குறைவு, எல்லா மதத்தவருக்கும் அவை திறந்தவை. வங்கிக் கடன் ஏற்கனவே கழுத்தை நெரித்தால் பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் கட்டணமில்லாமல் தவணையைத் திருத்தி அமைக்க உதவும். ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் உருவான நெகிழ்வுக் கணக்கில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பத்திரிகையில் படத்தோடு உதவி கேட்கும் வழியும் இருக்கிறது. நம் சமூகம் அப்போதெல்லாம் கை விரித்ததில்லை. ஆனால் விளம்பரத்துக்கு முன் சமூகப் பணி அதிகாரியைப் பார்த்தாயிற்றா என்று கேட்கும் பழக்கம் கோயில் கமிட்டிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் வந்தால், திரளும் பணத்தில் பாதி மிச்சப்பட்டு இன்னொரு குடும்பத்துக்குப் போகும்.

அறுவை முடிந்து தையல் பிரித்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வேலைக் காயமாக ஏற்கப்பட்டவர்கள், விடுப்பு முடிந்தும் பழையபடி குனிய, தூக்க முடியவில்லை என்றால், நிரந்தர ஊன மதிப்பீட்டுக்குச் சொக்சோவிடம் விண்ணப்பிக்கலாம். கடைசி மருத்துவ விடுப்பு நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். டாக்டர்கள் குழு தரும் விழுக்காடு குறைவென்று தோன்றினால் 90 நாளுக்குள் மேல்முறையீடு. மலாக்காவில் 2014-இல் திறக்கப்பட்ட துன் ரசாக் மறுவாழ்வு மையத்தில் தங்கிப் பயிற்சி பெறவும், வேறு இலகுவான வேலைக்கு மாறவும் சொக்சோவின் வேலைக்குத் திரும்பும் திட்டத்தின் வழியாகவே கேட்கலாம். விண்ணப்பத்தோடு முதல் நாள் கிளினிக் கார்டின் நகல், எம்.ஆர்.ஐ. அறிக்கை, அறுவைக் குறிப்பு, எல்லா மருத்துவ விடுப்புச் சீட்டுகளும் போக வேண்டும். மூலப் பிரதிகளை யாரிடமும் கொடுக்காதீர்கள்.